காற்றுப் புகாத கதவுகள்

லோகேஸ்வரிக்குப் பயம் மூக்கில்தான் ஆரம்பிக்கும். மற்றவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கால் நடுங்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறாள். அவளுக்கு முதலில் மூக்கு விடைக்கும். வீட்டில் எது தீய்கிறது, எது கசிகிறது என்பதெல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கேஸ் சிலிண்டர் தோங்கின் திருகை மூன்று முறை தொட்டுப் பார்ப்பாள். வாசல் வரை போய்விட்டு நான்காவது முறையும் திரும்பி வருவாள்.

“தாலாட்டுப் பாடி முடிச்சிட்டியா? அது தூங்கிடுச்சுலா, வா போவோம்” என்பான் சேது. அவள் புருஷன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். அவனுக்கு எதுவும் பயமில்லை. அதுவும் அவளுக்கு ஒரு பயம்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. லோகேஸ்வரி பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆசிரியர் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பதில் தெரிந்தாலும் வராது. அப்படி நின்று நின்றே படிப்பு போய்விட்டது. பத்தொன்பது வயதில் சுங்கை சோவில் ஒரு ரப்பர் சாமான் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அச்சிலிருந்து வரும் ரப்பர் துண்டுகளின் பிசிறைப் பிளேடால் சீவ வேண்டும், பசை தடவி ஒட்ட வேண்டும். பேச வேண்டியதில்லாத வேலை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு திங்கட்கிழமை. காலையிலிருந்தே ஒட்டும் அறையில் வாடை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. மூலையில், பசையை இளக்கும் தின்னர் டின் ஒன்று சாய்ந்து, உள்ளிருந்தது இரும்பு அடுக்குக்கு அடியில் ஓடியிருந்தது. லோகேஸ்வரி அதைப் பார்த்தாள். யாரிடம் சொல்வது? மேற்பார்வையாளர் மலாயில் வேகமாகப் பேசுகிறவர். வந்து மூன்று மாதமான பெண் போய், இங்கே வாடை அடிக்கிறது என்றால் சிரிப்பார்கள். அவள் குனிந்து பிசிறைச் சீவிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குப் பக்கத்து மேசைத் தாயம்மா, வேர்க்கிறது என்று காற்றாடியின் சுவிட்சைத் தட்டினாள். சுவிட்சில் ஒரு பொறி பறந்தது.

நீலமாக ஒரு தீ. முழங்கால் உயரம்கூட இல்லை. தின்னர் கொட்டிய மூலையில் இல்லை, ஒன்றுமே கொட்டாத வெறுந்தரையில், தரையோடு தரையாக அது நடந்து வந்தது. சத்தம் இல்லை. ஒரு துணியை உதறினால் வரும் காற்று மாதிரி ஒரு மூச்சு மட்டும்தான். பிறகுதான் தாயம்மாவின் கத்தல் கேட்டது.

தாயம்மா பிழைத்துக்கொண்டாள். இரண்டு காலும் முழங்கால் வரை வெந்து, தோல் வேறு நிறமாகிவிட்டது. இப்போது சபாக்கில் மகன் வீட்டில் இருக்கிறாள். திருவிழாவில் பார்த்தால், “நல்லா இருக்கியா ஆயி?” என்று கேட்பாள். லோகேஸ்வரி யார் பேசினாலும் தரையைப் பார்க்கிறவள். தரையில் தாயம்மாவின் கால்கள் இருக்கும். அதனால் அங்கே மட்டும் தலையை உயர்த்தி, கோவில் சீரியல் விளக்கைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வாள்.

வாடைதான் எரிகிறது என்பதை அவள் அன்று தெரிந்துகொண்டாள். சொல்லாமல் இருந்ததும் எரியும் என்பதையும்.

அந்தத் தொழிற்சாலை வேறு இடத்துக்குப் போனபின், ஈஜோக் பெரிய சாலையோரம் அப்பளசாமியின் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அப்பளசாமி பழைய கார்களைப் புதுப்பித்துத் தருகிறவர். தகரம் தட்டுவது, சாயம் அடிப்பது அவர் வேலை. மெத்தை, தரைவிரிப்பு, கதவு ரப்பர் எல்லாம் லோகேஸ்வரி. முன்னால் சாலை, பின்னால் செம்பனைத் தோட்டம், நடுவில் அப்பளசாமியின் குரல். அவர் மெதுவாகப் பேசினாலே எதிர்க்கடையில் கேட்கும்.

“எங்க லோகேசு ரப்பர் போட்டா எறும்புகூடப் பெர்மிட் வாங்கித்தான் உள்ள போவணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவள் காது சிவந்து காருக்கு மறுபக்கம் போய்விடுவாள்.

மகேந்திரன் தன் பழைய மோரிஸ் மைனர் காரைக் கொண்டுவந்தது மழைக்கால ஆரம்பத்தில். ராவாங் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் அவன். சபாக்கில் ஒரு சீனரின் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த காரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். வெளிர் பச்சை, நாலு கதவு. இன்ஜின் ஓடியது, விளக்கு எரிந்தது, மழை மட்டும் உள்ளே பெய்தது. கதவு ரப்பர்கள் காய்ந்து கருவாடாகிப் போயிருந்தன.

“புஞ்சாக் ஆலாம்ல எங்க அக்கா வீட்டுக்குப் போனோம்ணே. காடிக்குள்ள கொடை பிடிச்சிட்டுப் போன மொதப் பொம்பள நானாத்தான் இருப்பேன்” என்றாள் அவன் மனைவி மாதவி. “டோல்ல இருந்தவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே!”

“அதுக்கென்ன, கொடை அழகாத்தான இருந்திச்சு” என்றான் மகேந்திரன்.

“உங்க வாயையும் சேத்து ரப்பர் வச்சு அடைக்கச் சொல்லணும்.”

லோகேஸ்வரி மெத்தைக்குப் பின்னால் குனிந்தபடி சிரித்தாள். அவளுக்கு மாதவியைப் பிடித்துப்போனது.

புதிய ரப்பர் இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தது. வந்த வியாழக்கிழமை காலையே வேலையை ஆரம்பித்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்க வருவதாக மகேந்திரன் சொல்லியிருந்தான்.

கதவு ரப்பர் போடுவது பார்க்கச் சுலபம். பழையதைப் பிய்த்து, புதியதை ஒட்டினால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். பழைய பசை பல் ஈறு போல ஒட்டிக்கொண்டிருக்கும். சாயம் கீறாமல் அதைச் சுரண்டி, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, தகரம் பளபளவென்று ஆனபின்தான் ரப்பரையே கையில் எடுக்க வேண்டும். எடுத்தாலும் உடனே ஒட்டக் கூடாது. டேப்பால் அங்கங்கே பிடித்து, பசையில்லாமல் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இழுக்கக் கூடாது. அவசரக்காரர்கள் ரப்பரை இழுத்து ஒட்டுவார்கள், அன்றைக்கு அழகாகத்தான் இருக்கும். நாலு வெயில் பட்டதும் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலையில் வாயைப் பிளக்கும். லோகேஸ்வரி இழுக்க மாட்டாள். விரல் நுனியால் பின்னோக்கித் தள்ளித் தள்ளி, கொஞ்சம் நெருக்கியே வைப்பாள். இரண்டு முனைகளும் சேருமிடத்தைக் கதவின் அடியில் நடுவில் கொண்டுவந்து, அரை விரற்கடை அதிகமாக விட்டு வெட்டி, ஒன்றையொன்று முட்ட வைத்து ஒட்டுவாள்.

ஒட்டியபின் பவுடர் போட்டுப் பார்ப்பாள். குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை ரப்பர் மேல் தூவி, கதவை மெல்லச் சாத்தித் திறந்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே தகரத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு அறுந்த இடத்தில் தண்ணீர் வரும். மூன்று கதவுகளில் கோடு அறாமல் வந்தது. முன்பக்க இடது கதவின் கீழ் மூலை மட்டும் பிடிவாதம் பிடித்தது. ஒட்ட ஒட்ட எழும்பியது. அதில் மட்டும் மூன்று தரம் பசை தடவினாள். வழிந்த பசை கதவுப் படியெல்லாம் அப்பிக்கொண்டது.

அதைத் துடைக்கத்தான் பெட்ரோல் டின்னைக் காருக்குள், முன் இருக்கையின் கால்மாட்டில் வைத்தாள். ஒரு லிட்டர் பிடிக்கிற, சிவப்பு மூடி போட்ட டின். மூடியைத் திருகி எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டாள். பைக்குள் போட்டால் தொலையாது. அது அவள் பழக்கம்.

அப்போதுதான் வானம் இருட்டியது. வந்த மழை அப்படியே கொட்டுகிற மழை.

“லோகேசு! காடிய உள்ள தள்ளணும், சாத்து சாத்து!” என்று அப்பளசாமி கத்திக்கொண்டே ஓடி வந்தார். “சாத்திட்டு அப்டியே விடு. காலைல வரைக்கும் தொறக்காத. ரப்பர் அமுங்கி ஒக்காரட்டும்.”

புது ரப்பர், கதவைச் சுலபமாகச் சாத்த முடியாது. இடுப்பால் முட்டி நாலு கதவையும் சாத்தினாள். கடைசிக் கதவு ‘டப்’ என்று அடைத்தபோது உள்ளிருந்த காற்றே அமுங்கியது போல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு சந்தோஷம். இரண்டு பேரும் நனைந்துகொண்டே காரைக் கூரைக்குள் தள்ளினார்கள். ஏப்ரனை ஆணியில் மாட்டிவிட்டு, மழை விட்டதும் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போனாள்.

அன்று அவள் மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி அவளே அடைத்துவிட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு அவள் பட்டறைக்கு வந்தபோது மோரிஸ் மைனர் வெளியே வெயிலில் நின்றது. எட்டு மணிக்கே அப்பளசாமி கதவைத் திறக்காமல் தள்ளிக் கொண்டுவந்திருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. முன்பக்கத்தில் மல்லிகைச் சரம், நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். மாதவி பட்டுப்புடவையில் இருந்தாள். கையில் தட்டு, தட்டில் பூ, பழம், கற்பூரம்.

“என்னக்கா இன்னிக்கு லேட்டு? வாங்க, ஒங்களுக்குத்தான் வெயிட்டிங்” என்றாள்.

“பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னாடி வண்டி நகந்திடணும்” என்றான் மகேந்திரன். “சீக்கிரம் வாங்கக்கா.”

இதுவரை எத்தனையோ வண்டிகளுக்கு அப்பளசாமி கற்பூரம் காட்டியிருக்கிறார். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. லோகேஸ்வரி உள்ளே போய் ஏப்ரனை மாட்டிக்கொண்டு, துணியொன்றைப் பையில் செருகிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் பின்னால் நின்றாள்.

அப்பளசாமி காருக்கு முன்னால் தட்டை நீட்டிக் கற்பூரத்தைக் கொளுத்தினார். அந்த நேரம் பார்த்து செம்பனைக் குலை லோரி ஒன்று சாலையில் சீறிக்கொண்டு போனது. அதன் காற்று புழுதியோடு வந்து அடித்து, கற்பூரம் அணைந்தது.

மாதவியின் முகம் சுருங்கியது. “என்னாங்க இது...”

“லோரி போனா அணையாமலா இருக்கும்? மறுபடி ஏத்துவோம்மா” என்றார் அப்பளசாமி.

இரண்டாவது முறை கொளுத்தினார். இரண்டு லோரி. மறுபடியும் அணைந்தது. மாதவி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ரெண்டு தரம் அணைஞ்சிருச்சே. எனக்கு மனசே சரியில்லங்க.”

லோகேஸ்வரிக்கும் மனம் சரியில்லை. வேர்வையைத் துடைக்கத் துணி எடுக்கப் பைக்குள் கையை விட்டாள். விரலில் சின்னதாக, வட்டமாக, மரை மரையாக ஏதோ பட்டது.

வெளியே எடுக்காமலே அது என்னவென்று தெரிந்துவிட்டது.

நேற்று மூடவில்லை. டின் உள்ளே இருக்கிறது. மூடியில்லாமல், கால்மாட்டில், மூன்று தரம் தடவிய பசையின் பக்கத்தில். பழைய ரப்பராக இருந்திருந்தால் வாடை ராத்திரியோடு ராத்திரியாகக் கசிந்து போயிருக்கும். அவள் போட்ட ரப்பர். கோடு அறாத ரப்பர். எட்டு மணியிலிருந்து அந்த வெயிலில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றி நிற்கிறது.

சொல்ல வேண்டும். ‘அண்ணே’ என்று ஒரு சொல் போதும். அது வரவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பெட்ரோலைக் காருக்குள் திறந்து வைத்தவளை எந்தப் பட்டறையில் வைத்திருப்பார்கள்? நாற்பத்துமூன்று வயதில் இனி எங்கே போய் நிற்பது? அதுவும் இந்தப் பட்டுப்புடவைக்கும் மல்லிகைச் சரத்துக்கும் முன்னால். கற்பூரம் வெளியேதானே எரிகிறது, காட்டி முடித்ததும் நைசாகப் போய் டின்னை எடுத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அப்பளசாமி தொடையில் தட்டினார்.

“அட, நமக்கு மண்டையில்ல! காடிக்குள்ள வச்சுக் காட்டுனா என்ன? தங்கச்சி, நீ முன் சீட்ல ஒக்காந்து, கதவச் சாத்திக்கிட்டு காட்டும்மா. எந்தக் காத்து உள்ள வருதுன்னு பாப்போம். எங்க லோகேசு போட்ட ரப்பர்லா!”

“அதான் கரெக்ட்” என்றான் மகேந்திரன். “கதவுக்கும் டெஸ்ட் பண்ணின மாதிரி ஆச்சு.”

மாதவி சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறை வாசலின் சுவரோரம் ஒதுங்கினாள். அங்கே காற்று இல்லை. அப்பளசாமி மூன்றாவது முறையாகக் கொளுத்திக் கொடுத்தார். மாதவி ஒரு கையில் தட்டைப் பிடித்து, மறு கையால் தீயைக் காற்றுப்படாமல் மறைத்து, காரைப் பார்த்து நடந்தாள். மகேந்திரன் கதவைத் திறக்க முன்னால் போனான்.

லோகேஸ்வரி பார்த்தது மாதவியை அல்ல. மாதவியின் பட்டுப்புடவைக் கரைக்குக் கீழே தெரிந்த இரண்டு கால்களை. மருதாணி வைத்த கால்கள்.

“அ...” என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு லோரி போய்க்கொண்டிருந்தது. மகேந்திரன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். புது ரப்பர் கவ்வியிருந்ததால் கதவு உடனே வரவில்லை. “அடேங்கப்பா, என்னா டைட்டு!” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, காலை ஊன்றி மறுபடி இழுக்கப் போனான்.

மாதவிக்கும் காருக்கும் நடுவில் ஆறு அடி இருந்தது. லோகேஸ்வரி ஓடினாள். ஓடி, மாதவியின் முன்னால் நின்று, குனிந்து, வாயைக் குவித்து, கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

அணைத்தும் நிற்கவில்லை. அணைந்த கட்டியில் சிவப்பாகக் கொஞ்சம் மினுங்கியது. கட்டைவிரலை வைத்து நசுக்கினாள்.

மாதவி “ஐயோ!” என்று வீறிட்டாள். தட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. தட்டிலிருந்த பழம் சாலை வரை உருண்டது.

சாமிக்குக் காட்டுகிற கற்பூரத்தை வாயால் ஊதக் கூடாது என்பது பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை விளையாட்டாக ஊதப் போய் அம்மாவிடம் வாயிலேயே அடி வாங்கியவள் லோகேஸ்வரி. அவள்தான் ஊதினாள். வெள்ளிக்கிழமை, நாலு பேர் பார்க்க, இரண்டு முறை அணைந்து மூன்றாம் முறை ஏற்றிய கற்பூரத்தை.

“ஏய்! பேய் புடிச்சிருக்கா ஒனக்கு?” அப்பளசாமியின் குரல் எதிர்க்கடையில் இருந்தவர்களை எழுப்பி நிறுத்தியது.

அதே நேரம் கதவு ‘ப்பக்’ என்று விட்டுக்கொடுத்தது. திறந்த வேகத்தில் மகேந்திரன் இரண்டு அடி பின்வாங்கினான். முழங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. உள்ளேயிருந்து சூடான வாடை, கண்ணுக்குத் தெரியாத வெள்ளம் மாதிரி, படியைத் தாண்டி இறங்கி எல்லோர் காலடிக்கும் வந்தது.

“பெட்ரோல்...” என்றான்.

லோகேஸ்வரி பைக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். கட்டைவிரல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் சிவப்பு மூடி.

“டின்னு உள்ள இருக்குண்ணே. நேத்து மூடல. நான்தான்.”

அவள் வாழ்க்கையில் அவ்வளவு பேருக்கு முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

மகேந்திரன் தொழிற்சாலையில் பார்த்துப் பழகியவன், அவன்தான் முதலில் அசைந்தான். “எல்லாரும் தள்ளிப் போங்க. தீப்பெட்டிய எட்டக் கொண்டு போங்கண்ணே. யாரும் போனத் தொடாதீங்க.” மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு கதவையும் ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தான். டின்னை எடுத்து வந்து மண்ணில் வைத்தான். நேற்று நிறைந்திருந்த டின்னில் பாதிகூட இல்லை. மீதிப் பாதி ராத்திரி முழுவதும் காருக்குள் எழுந்து நிறைந்திருந்தது.

அப்பளசாமி கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். பிறகு அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வைத்துக் காட்டச் சொன்ன வாய் அவருடையது. மாதவி உட்கார வேண்டியிருந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதவி அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: “உயிர் பொழச்சேன்க்கா, இல்லேங்கல. ஆனா வாயால ஊதிட்டீங்களே. கையால விசிறியிருக்கக் கூடாதா?”

விசிறியிருக்கலாம். தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். லோகேஸ்வரிக்கு அந்த நேரத்தில் வாய்தான் வந்தது. பேசுவதற்கு வராத வாய் அதற்கு வந்தது.

“நீ பேசாம வா” என்றான் மகேந்திரன். “அவங்க ஊதலன்னா இப்ப நாம எங்க இருந்திருப்போம்?”

“அது வேறங்க. இது வேற.”

லோகேஸ்வரிக்கு மனதுக்குள் மாதவி சொல்வதுதான் சரி என்று தோன்றியது. அது வேறு, இது வேறு. ஒரு பயம் முடிந்த இடத்தில் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. இது மூக்குக்குத் தெரிகிற பயம் இல்லை.

ராகு காலம் வந்துவிட்டது. காரை விட்டுவிட்டு அவர்கள் கிராப் டாக்சி பிடித்துப் போனார்கள். நாலு கதவையும் விரியத் திறந்து, கார் நாள் முழுவதும் காற்றாடப் பட்டறையில் நின்றது. சாயங்காலம் லோகேஸ்வரி ஏப்ரனைக் கழற்றினாள். ஆணியில் மாட்டவில்லை. நாலாக மடித்து அப்பளசாமியின் மேசையில் வைத்தாள்.

“இது எதுக்கு இங்க?”

“நான் நின்னுக்கிறேண்ணே.”

“நின்னுக்கிட்டு? மூல ரப்பர் எல்லாம் யாரு ஒட்டுவா, நானா?” வழக்கத்துக்கு மாறாக அவர் குரல் தாழ்ந்திருந்தது. “சாத்து சாத்துன்னு கத்துனது யாரு? உள்ள வச்சுக் காட்டச் சொன்னது யாரு? வெளியேறணும்னா என் வாயையும் அதோட சேத்து மடிச்சு வச்சிட்டுப் போ.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“எடுத்து மாட்டு. நாளைக்கு அந்தக் காடிக்குத் தண்ணி அடிச்சுப் பாக்கணும்.”

மறுநாள் அப்பளசாமி குழாயைப் பிடித்துக் கூரை மேலிருந்து தண்ணீர் அடிக்க, லோகேஸ்வரி உள்ளே உட்கார்ந்து ஓரங்களைத் தடவிப் பார்த்தாள். கதவைச் சாத்தியதும் வெளியிலிருந்து வந்த சத்தம் எல்லாம் நின்றுபோனது. தன் மூச்சு தனக்கே கேட்டது. பத்து நிமிடம் அப்படியே இருந்தாள், மூச்சை இழுத்து இழுத்து மோந்தபடி. ரப்பர் வாடை தவிர ஒன்றுமில்லை. பிடிவாதம் பிடித்த மூலையில் கடிதாசித் துண்டை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. ஒரு சொட்டு உள்ளே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப் போனார்கள். மாதவி தட்டு கொண்டுவரவில்லை. லோகேஸ்வரியின் கட்டைவிரல் கட்டைப் பார்த்து, “மருந்து போட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். எலுமிச்சம்பழம் இல்லாமல், கற்பூரம் இல்லாமல் அந்த வெளிர் பச்சைக் கார் சாலையில் ஏறிப் போய் மறையும் வரை லோகேஸ்வரி வாசலிலேயே நின்றாள். கற்பூரத்தை ஊதி அனுப்பிய வண்டி.

அன்றிலிருந்து அவள் காது சாலையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸ் போனால் எழுந்து நின்றாள். இழுவை லோரி ஒன்று நசுங்கிய காரை ஏற்றிக்கொண்டு போனால், அதன் நிறம் தெரியும் வரை மூச்சு விட மாட்டாள். ஒருநாள் சேது சாப்பிட்டுக்கொண்டே, “புக்கிட் ரோத்தான் பக்கம் பழைய காடி ஒண்ணு லோங்காங்ல எறங்கிக் கெடக்கு” என்றான். லோங்காங் என்றால் சாலையோரச் சாக்கடை. அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

“என்னா கலரு?”

“யாரு பாத்தா? வெள்ளையோ என்னமோ.”

“பச்சையா?”

“வெள்ளைன்னுதானே சொல்றேன். ஏன்டி, ஒனக்குப் பூராவும் சொந்தக்காரக் காடியா?”

அவள் பிறகு சாப்பிடவில்லை. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஒரு வெள்ளை வோல்வோ, சேற்றில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அதில் யாருக்கும் அடியில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பட்டறைப் பக்கம் திரும்பினாள்.

பட்டறையில் பெட்ரோல் டின்னின் மூடியை அவள் இப்போது பையில் போடுவதில்லை. அந்த மோரிஸ் மைனரில் வெட்டிய ரப்பரில் மிஞ்சிய நீள் துண்டு ஒன்றால் மூடியை டின்னின் கழுத்தோடு கட்டிவிட்டாள். ஒவ்வொரு கதவைச் சாத்துமுன்னும் உள்ளே தலையை நுழைத்து ஒருமுறை மோந்து பார்ப்பாள். அதை அப்பளசாமி கேலி செய்வதில்லை. அவரும் மோந்து பார்க்கிறார்.

மூன்றாவது வாரம் ஒரு பெரும் மழை. மறுநாள் காலை அப்பளசாமி போனை நீட்டிக்கொண்டே வந்தார்.

“மகேந்திரன் தம்பி அனுப்பிருக்கு. பாரு, பாரு!”

படத்தில் மோரிஸ் மைனரின் உட்பக்கம். கண்ணாடிக்கு வெளியே மழை வெள்ளிக்கம்பியாக இறங்குகிறது. கால்மாட்டில் தமிழ்ப் பேப்பர் விரித்திருக்கிறது. ஓரம்கூட நனையவில்லை, எழுத்தை வாசிக்கலாம் போல இருந்தது. கீழே மகேந்திரன் எழுதியிருந்தான்: ‘கொடை வீட்டுல.’

லோகேஸ்வரி பேப்பரைப் பார்த்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, இடது கதவின் கீழ் மூலையைப் பார்த்தாள். ரப்பர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. பிறகு படத்தை மேலே நகர்த்தினாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார். அதன் முன்னால் ஒரு விளக்கு. சுடர் மாதிரி வளைந்த, மஞ்சள் பிளாஸ்டிக். பேட்டரி விளக்கு.

“மாதவியோட வேல போலருக்கு” என்றார் அப்பளசாமி. “நெருப்பே வேணாம்னுட்டா.”

லோகேஸ்வரி அந்தச் சுடரை இன்னும் பெரிதாக்கினாள். ஊதினால் அணையாது. லோரி போனாலும் அணையாது. வாடை பட்டாலும் ஒன்றும் ஆகாது.

“இது எங்கண்ணே கெடைக்கும்?” என்று கேட்டாள். “கேளுங்களேன். நம்ம பட்டறைச் சாமிக்கும் ஒண்ணு வாங்கணும்.”